களத்துமேட்டுக் கணக்கு

சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் கூட்ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை நின்று பாருங்கள். வெள்ளை வெள்ளையாக கம்பெனி பஸ்கள். ஒன்று போனால் இன்னொன்று. ஜன்னலோரம் தூங்குகிற பிள்ளைகள். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு. ரோட்டைக் கடக்கக் கால்மணி நேரம் ஆகும்.

அப்படிக் கடக்க முடியாமல் நின்ற ஒருநாள், வல்லம் போகிற வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு கொடுத்ததில், கடை இருக்கிற இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இங்கதான் சார் களம் இருந்துச்சு. எங்க மாமியார் நெல்லு தூத்துன இடம்."

"அப்படின்னா கம்பெனி வந்தப்போ உங்களுக்கும் நல்ல பணம் வந்திருக்குமே?"

அந்த அம்மா சிரித்தார். "பட்டா வெச்சிருந்தவங்களுக்குப் பணம் வந்துச்சு. எங்களுக்கு டீக்கடை வந்துச்சு."

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு இரண்டும் சரியாக வரவில்லை என்றால் தூக்கம் வராது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் புரொபசர் எங்களை வளர்த்தார். அந்த அம்மா சொன்ன இரண்டு வரியில் ஒரு கணக்கு உதைத்தது. களத்தில் நெல் தூற்றியவர் ஊர்க்காரர்தான். அறுத்தவர், அடித்தவர், அளந்தவர் எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். ஆனால் ஊரை விற்றபோது அவர்களில் பலர் கணக்கிலேயே இல்லை. எப்போது விட்டுப்போனார்கள்? யார் கணக்கை எழுதினார்கள்?

வாருங்கள், கொஞ்சம் பின்னால் போகலாம்.

முதலில் இங்கிலாந்து. 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலாம் வில்லியம் ராஜாவுக்கு ஒரு யோசனை. நாட்டைப் பிடித்தாயிற்று. யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஆட்களை அனுப்பினார். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, எவ்வளவு மேய்ச்சல் நிலம் என்று எழுதி வாங்கினார்கள். அதன் பெயர் 'டூம்ஸ்டே புக்'. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் இருக்கின்றன. இன்றும் இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்துக்குப் போனால், "1086-லேயே எங்கள் ஊர் பெயர் டூம்ஸ்டேயில் வந்துவிட்டது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊரின் வரலாற்றை எழுதுவதற்கென்றே உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருப்பார்கள்.

நம் ஊருக்கு அப்படி ஏதாவது உண்டா என்றால், உண்டு. அதுவும் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை உள்ளடக்கிய சீமைக்கே உண்டு.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்குமாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 'ஜாகீர்' என்று அதற்குப் பெயர். பூந்தமல்லி, மணிமங்கலம், காஞ்சிபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பெனிக்காரன் வியாபாரி. வந்த சொத்துக்கு ஸ்டாக் எடுக்காமல் விடுவானா? தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினீயரை அனுப்பினான். 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 கிராமங்களை பர்னார்ட் அளந்தார். எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, எந்தச் சாதியில் எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் எழுதினார்கள்.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பர்னார்டுக்கு ஆதாரமாக இருந்தவை நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகளின் ஓலைச்சுவடிகள்தான். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1960-களில் பழைய அரசு ஆவணங்களைத் துருவிக்கொண்டிருந்த காந்தியவாதி தரம்பால் கண்ணில் இந்த சர்வே பட்டது. அதன்பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் தூசி தட்டினார்கள்.

சரி, அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது?

கம்பெனி கணக்கு பார்த்த நமக்கு, வருமானம் என்றால் முதலாளிக்கு வருவது, செலவு போக மிச்சம் லாபம். அந்த ஓலைக் கணக்கு வேறு மாதிரி. அது வீட்டில் ஆரம்பிக்காது. களத்துமேட்டில் ஆரம்பிக்கும்.

அறுவடை முடிந்து நெல் குவிந்து கிடக்கிறது. 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலால் அளக்க ஆரம்பிக்கிறார்கள். சர்க்காருக்கும் உழுதவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே குவியலிலிருந்து தனித்தனியாக நெல் போகிறது. கோயிலுக்கு இவ்வளவு. ஏரிக்கு இவ்வளவு. கணக்கப்பிள்ளைக்கு இவ்வளவு. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், காவல்காரத் தலையாரி, ஏரி மதகைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர், வெட்டியான் என்று வரிசையாக ஆட்கள் கையில் கூடையோடு நிற்கிறார்கள். கலத்துக்கு இத்தனை படி என்று ஊர் வழக்கம். பிச்சை கிடையாது. உரிமை.

அந்த உரிமைப் பங்குக்கு அன்றைக்கு என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'. ஆமாம், சார். 1947-ல் நாம் வாங்கிய அதே வார்த்தைதான். 'மேரை' என்றும் சொல்வார்கள். களத்தில் கிடைக்கிற படி நெல்தான் அந்தக் காலத்துக் கிராமத்தானின் சுதந்திரம்.

இதில் 'ஏரிக்கு இவ்வளவு' என்பதைக் கவனித்தீர்களா? ஏரியையும் ஒரு பங்குதாரராக உட்கார வைத்திருக்கிறார்கள். கரை உடைந்தால் அடைக்க, வரத்துக்கால் தூர்ந்தால் வெட்ட, மதகுப் பலகை உளுத்தால் மாற்ற, விளைச்சலிலேயே பணம் ஒதுக்கீடு. எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மான நிதி. செங்கல்பட்டுச் சீமையில் காவிரி கிடையாது. பாலாறு விட்டால் மழை. மழையைப் பிடித்து வைக்க ஏரி. அதனால்தான் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் 'தாங்கல்' என்று வரும். சின்ன ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். காரணித்தாங்கல் என்ற ஊரே ஒரகடம் பக்கத்தில் இருக்கிறது.

ஆகா, என்ன அருமையான கிராமம் என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். இங்கேதான் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

களத்தில் எல்லோருக்கும் நெல் உண்டு. ஆனால் களம் யாருடையது? ஊர் நிலத்தின் மீது உரிமை உள்ளவர்களுக்குக் 'காணியாட்சிக்காரர்' என்று பெயர். பிற்பாடு 'மிராசுதார்' என்றார்கள். பெரும்பாலும் வேளாளர், சில ஊர்களில் பிராமணர், இன்னும் சில சாதியார். ஊர் மொத்தமும் இத்தனை பங்கு என்று பிரிந்திருக்கும். சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மாற்றி மாற்றிப் பங்கிட்டுக் கொள்வார்கள். அது பசுங்கரை. ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. பங்கு இல்லாதவர் அந்த ஊரில் உழலாம், குடியிருக்கலாம். ஆனால் காணியாட்சிக்காரருக்கு 'துண்டுவாரம்' என்று ஒரு பங்கு அளக்க வேண்டும்.

இதற்கும் கீழே, சேரியில் இருந்த பறையர்கள். உழுதது, நட்டது, அறுத்தது, ஏரிக்கரையில் மண் சுமந்தது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களில் பலர் மிராசுதாரின் அடிமைகள். நான் பெரிதுபடுத்தவில்லை. அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று கம்பெனி சர்க்கார் சட்டம் போட்டதே 1843-ல்தான். களத்தில் அவர்களுக்கும் படி உண்டு. பங்கு கிடையாது. படிக்கும் பங்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடை அம்மாவிடம் திரும்பி வரும்போது தேவைப்படும்.

1780-ல் ஹைதர் அலி படையெடுத்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. கம்பெனி இந்தியாவில் அதுவரை வாங்காத அடி. ஆனால் இரண்டு படைக்கும் நடுவில் மாட்டியது கிராமம். பயிர் எரிந்தது, மாடு போனது, ஏரி உடைந்தது, பஞ்சம் வந்தது, ஜனங்கள் ஓடினார்கள்.

1794-ல் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தபோது ஜாகீர் பாதி காடு. மதுராந்தகம் ஏரிக்கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காத்ததைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிற அதே பிளேஸ் துரைதான். அங்கே தாயார் சன்னிதியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. ஏரிகளை அக்கறையாகச் சரிசெய்தார். ஆனால் அவர் வேலை கோயில் கட்டுவது இல்லையே, வரி வசூல். அவர் கண்ணில் களத்துமேட்டு வரிசை உறுத்தியது. சர்க்கார் பங்கு பிரிப்பதற்கு முன்பே இத்தனை பேர் அள்ளிக்கொண்டு போனால் கஜானாவுக்கு என்ன மிஞ்சும்? பிளேஸ் காலத்திலும் அவருக்குப் பின்னாலும் மானியங்களும் படிகளும் படிப்படியாகச் சுருக்கப்பட்டன. ஏரிக்கு ஒதுக்கியது சர்க்கார் வருமானத்தில் கரைந்தது. கடைசியில் 1858-ல், ஏரி வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. பங்கைப் பிடுங்கிக்கொண்டு, வேலைக்கு மட்டும் வா என்றால் எவன் வருவான்?

இதே காலத்தில் இங்கிலாந்துக் கிராமத்தில் என்ன நடந்தது? வேடிக்கையைப் பாருங்கள். அங்கும் இதேதான்.

அங்கே ஒவ்வொரு ஊருக்கும் பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. நிலமில்லாத கூலிக்காரன் ஒரு மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். வழக்கம்தான், பத்திரம் கிடையாது. பெரிய பண்ணைக்காரர்கள் பார்லிமென்ட்டில் சட்டம் போட்டு வேலி கட்டினார்கள். ஊருக்கு ஒரு சட்டம் என்ற கணக்கில், 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். 68 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி 1760-க்கும் 1830-க்கும் இடையில். கையில் காகிதம் இருந்தவனுக்கு நிலத்தில் பங்கு கிடைத்தது. வழக்கத்தை நம்பி மாடு மேய்த்தவன் கூலி தேடி மில்லுக்குப் போனான். அவன் பேரன்கள் மான்செஸ்டரில் நெய்த துணியைத்தான் நாம் பின்னால் கொளுத்தினோம்.

இங்கே காகிதத்தின் பெயர் பட்டா. பங்கு வைத்த ஊரோடு பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு ஆளிடம் வரி வாங்குவது என்று ரயத்வாரி முறை வந்தது. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய எல்லிஸ், தன் சிரஸ்தார் சங்கரய்யாவோடு சேர்ந்து மிராசு உரிமை பற்றி 1818-ல் பெரிய அறிக்கையே எழுதினார். இது வெறும் வழக்கம் இல்லை, சொத்துரிமை என்று வாதாடினார். மிராசுதாருக்கு வாதாட எல்லிஸ் இருந்தார். சேரிக்கு வாதாட ஆள் வர இன்னும் எழுபது வருஷம் ஆனது.

அந்த ஆள் டிரெமென்ஹீர். செங்கல்பட்டு கலெக்டர். 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி சர்க்காருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவர் கண்ட விஷயங்களில் ஒன்றைச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் சேரியில் இருந்தவர்களுக்கு, குடிசை போட்டிருந்த மண்கூடச் சொந்தமில்லை. அது மிராசுதார் உரிமை. கூலி கூடக் கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், வீட்டைக் காலி செய் என்று சொல்லலாம். சரி, சும்மா கிடக்கும் தரிசை உழலாமா? அதற்கு மனு போட்டால் முதல் உரிமை மிராசுதாருக்கு. வேலி கட்டாமலேயே வேலி.

அந்தக் குறிப்பின் விளைவாக 1892 செப்டம்பர் 30-ல் ஓர் அரசாணை. தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கலாம். முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. அதன்பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும். இதுதான் 'பஞ்சமி நிலம்'. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதில் எவ்வளவு இன்று அவர்கள் கையில் இருக்கிறது என்பது நூறாண்டுச் சண்டை. 1994 அக்டோபர் 10-ல், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு, ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்துப்போனார்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1996-ல், இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடி கம்பெனி, செல்போன் கம்பெனி, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டயர், லாரி, புல்லட். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்தது. வேலை வந்தது. சம்பளம் வந்தது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வயலில் குனிந்து நாற்று நட்டவரின் மகள் ஏ.சி. ஹாலில் நின்று போன் செய்கிறாள் என்றால், டிரெமென்ஹீர் கனவிலும் காணாத சங்கதி அது. சாதி கேட்காமல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறார்கள். அதுவும் வரவுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

பற்றுப் பக்கத்தையும் எழுதுவோம்.

நிலம் எடுக்கும்போது சர்க்கார் பார்க்கிற புத்தகம் எது? பட்டா, சிட்டா, அடங்கல். அதில் பெயர் இருந்தால் பணம். குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு நட்டவர், மேய்க்கால் புறம்போக்கில் நாலு ஆடு விட்டவர், ஏரித் தண்ணீரை நம்பியவர், இவர்கள் பெயர் எந்தக் காலத்தில் இருக்கும்? 2013-ல் வந்த மத்திய நிலச் சட்டம் முதன்முறையாக, மூன்று வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயக் கூலியும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்றது. எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க ஆய்வு செய்யச் சொன்னது. தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. இழப்பீடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டப்படி. அந்த ஆய்வு மட்டும் கட்டாயமில்லை என்று விலக்கு வாங்கினார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆய்வு இல்லை என்றால், பட்டாவில் இல்லாதவரை யார் தேடிப் போய் எழுதுவார்?

ஏரி? வயல் போனபின் மதகைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கு? வரத்துக்கால் மேல் காம்பவுண்டு சுவர் வந்தால் கேட்பது யார்? களத்தில் ஏரிக்குப் பங்கு இருந்தவரை ஏரியைக் கவனிக்க ஆள் இருந்தான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்த கதை நமக்குத் தெரியும். அடையாற்றில் வந்தது அது மட்டும் இல்லை. மணிமங்கலம், ஒரத்தூர், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் சேர்ந்துதான் சைதாப்பேட்டையை முக்கியது. மேலே ஓர் ஊரின் கணக்கு உதைத்தால், கீழே ஒரு நகரம் மூழ்கும்.

இன்னொரு சங்கதி. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். சிப்காட் கட்டியது. 706 கோடி ரூபாய்க்கு மேல். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். பதினெட்டாயிரம் பேர்! ஒரு டவுன். தவிர, பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள் சுற்றியிருக்கிற ஊர்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். வல்லக்கோட்டை முருகனைக் கிருத்திகைக்குக் கும்பிடுகிற கூட்டத்தில் இன்று இந்திக் குரலும் கேட்கிறது. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் பெயர் இந்தப் பஞ்சாயத்தின் வாக்காளர் பட்டியலில் இல்லை. கிராம சபையில் கை தூக்க முடியாது. 250 வருஷம் முன்னால் 'உள்குடி', 'பரகுடி' என்று பிரித்து எழுதிய கணக்கப்பிள்ளை இன்று வந்தால், இவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவார்? உழைப்பு உண்டு, படி உண்டு, பங்கு இல்லை.

கணக்கப்பிள்ளை வரமாட்டார். பரம்பரைக் கணக்கு வேலையை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்துவிட்டது. நல்லதுதான். அந்தச் சுவடிகளை எழுதிய கையே பல அநியாயங்களையும் எழுதியது. இனி கணக்கு நம் கையில்தான் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-ல் வந்தபின் ஏகனாபுரம் ஜனங்கள் கிராம சபையில்தான் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஊரில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம் ஊர்ப் புறம்போக்கு எத்தனை ஏக்கர், ஏரி எத்தனை ஏக்கர், வரத்துக்கால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதை வாசிக்கக் கேட்ட ஊரில் ஏரியை மடக்குவது அவ்வளவு சுலபமில்லை.

மறுபடி ஒருநாள் அந்த டீக்கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு தொங்கியது. பாக்கி நோட்டு. ரஞ்சித், பஸ் டிரைவர், 40 ரூபாய். ஒடிசா பையன், மாடி ரூம், 115. விடுதிப் பொண்ணு, கண்ணாடி போட்டது, 30. பெயர் தெரியாதவர்களுக்குக்கூட ஓர் அடையாளம் போட்டு, ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தார் அந்த அம்மா.

நான் பார்த்தவரையில் அந்த ஊரில் இருக்கிற எல்லோரையும் சேர்த்து எழுதிய கணக்குப் புத்தகம் அது ஒன்றுதான்.